லாஜிக் ஆப்ஸைப் பூட்டுவது எப்படி: கன்சம்ப்ஷனா, ஏபிஐ மேனேஜ்மென்ட்டா, ஸ்டாண்டர்டா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் சிஸ்டத்திலிருந்து ஆர்டர் வந்தால் அது நேராகக் கம்பெனியின் இஆர்பியில் (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) பதிவாக வேண்டும், ஆர்டர் பிடிஎஃப் ஓரிடத்தில் சேர வேண்டும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒரு மெயில் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுடில், படிகளை அடுக்கி வேலைகளைத் தானாக ஓடவைக்கும் லாஜிக் ஆப்ஸ் என்ற சேவையில் இதை ஒரே பிற்பகலில் கட்டிவிடலாம். நானும் கட்டினேன். முதலில் ஹெச்டிடிபி கோரிக்கை டிரிகர் (இணையம் வழியாக அழைப்பு வந்தால் ஓட்டத்தைத் தொடங்குவது), அதன்பின் ஏழெட்டுப் படிகள். சேமித்தவுடன் நீளமாக ஒரு முகவரி கிடைத்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லி அதை மெர்ச்சண்டைசரிடம் கொடுத்தேன்.

மறுநாள் போன் செய்து, அனுப்பியாயிற்றா என்று கேட்டேன். "அனுப்பிட்டேன் தம்பி. நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டு வெச்சிருக்கேன், யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம்ல" என்றார். அந்த குரூப்பில் நாற்பது பேர். வேலையை விட்டுப் போனவர்களும் அதில் உண்டு.

அவர் மேல் தவறில்லை. அவர் பார்வையில் அது ஒரு லிங்க். ஆனால் அந்த முகவரியின் கடைசியில் ஒரு கையொப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் கடவுச்சொல். முகவரி யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர் சொல்ல வேண்டாம், லாகின் செய்ய வேண்டாம், ஆர்டர் போட்டுவிடலாம். இதை நான்தான் அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே, அந்தக் கையொப்பத்தை உருவாக்கும் சாவியை மாற்றினேன். பழைய முகவரி செத்தது. வாடிக்கையாளர் கையில் இருந்த முகவரியும் அதோடு செத்தது. அவருக்குப் புதிதாக அனுப்பி, அங்கே அதை மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு கம்பெனி உரிமையாளர் கேட்டார்: "வெளியாள் தொடவே முடியாதபடி இதைப் பண்ண என்னென்ன வழி இருக்கு, எதுக்கு எவ்வளவு ஆகும்?" இந்தக் கட்டுரை அவருக்காக நான் போட்ட கணக்கின் விரிவு. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் திசையைப் பாருங்கள்

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "ஸ்டாண்டர்டுக்கு மாறுங்கள், பிரைவேட் எண்ட்பாயின்ட் போடுங்கள்" என்பதுதான். ஸ்டாண்டர்ட் என்பது லாஜிக் ஆப்ஸை உங்களுக்கென்று ஒதுக்கிய கணினியில் ஓட்டும் வகை; பிரைவேட் எண்ட்பாயின்ட் என்பது உங்கள் நெட்வொர்க்குக்குள்ளிருந்து அதைத் தொடும் தனி வாசல். சில இடங்களில் அது சரியான பதில். ஆனால் அதைச் சொல்பவர்களில் பாதிப் பேர், எந்தப் பக்கத்தை அடைக்கப் போகிறோம் என்று கேட்பதில்லை.

ஒரு லாஜிக் ஆப்பில் தகவல் மூன்று பக்கம் போய்வருகிறது. வெளியிலிருந்து டிரிகருக்கு வருவது ஒன்று. உள்ளிருந்து டேட்டாபேஸ், ஸ்டோரேஜ், மெயில் என்று வெளியே போவது இரண்டு. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ரன் ஹிஸ்டரி. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு படிக்குள் என்ன போனது, என்ன வந்தது என்பது முழுதாகப் பதிவாகிக் கிடக்கும், இயல்பாக 90 நாட்கள். போர்ட்டலில் அந்த ஆப்பைத் திறந்து பார்க்க உரிமை உள்ளவர் ஒரு படியைச் சொடுக்கினால் போதும்.

இதே கம்பெனியில் சம்பள விவரத்தை வங்கிக்குத் தயார் செய்யும் இன்னொரு ஆப்பும் இருந்தது. நான் சோதனைக்காக ஒரு பழைய ஓட்டத்தைத் திறந்தேன். தையல் பிரிவில் வேலை செய்பவர்களின் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் வரிசையாக, திரையில், மறைப்பே இல்லாமல். எந்த ஹேக்கரும் உள்ளே வரவில்லை. ஃபயர்வால் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இதற்குப் பயன் இல்லை. அந்தத் தொழிலாளர்கள் யாரும் தங்கள் கணக்கு எண்ணை, மென்பொருள் எழுத வந்த எனக்குக் காட்டச் சம்மதித்தவர்கள் இல்லை. அன்றிலிருந்து எந்த இடத்திலும் நான் முதலில் பார்ப்பது ரன் ஹிஸ்டரியைத்தான்.

சரி, இந்த மூன்று பக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

வழி ஒன்று: கன்சம்ப்ஷனிலேயே இருந்து கதவுகளை இறுக்குவது

கன்சம்ப்ஷன் என்பது பலரும் பகிர்ந்துகொள்ளும் மேடை; நான் முதலில் கட்டியது இதில்தான். ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. மாதம் முதல் 4,000 உள்ளமைந்த செயல்கள் இலவசம். ஒரு நாளைக்கு இருபது முப்பது ஆர்டர் வரும் கம்பெனிக்கு பில் பெரிதாக வராது. இதில் தனி நெட்வொர்க் கிடையாது. ஆனால் பாதுகாப்பே கிடையாது என்று நினைப்பது தவறு.

உள்ளே வரும் பக்கத்துக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. முதலாவது ஐபி கட்டுப்பாடு. அமைப்புப் பக்கத்தில், டிரிகரை யார் அழைக்கலாம் என்ற இடத்தில் வாடிக்கையாளரின் ஐபி வரம்பை எழுதிவிட்டால், முகவரி குரூப்பில் பரவினாலும் மற்றவர்கள் அழைக்க முடியாது. ஐந்து நிமிட வேலை. இதில் ஒரு சிக்கல்: தடுக்கப்பட்ட அழைப்பு ரன் ஹிஸ்டரியில் வராது, ஏனென்றால் ஓட்டமே தொடங்கவில்லை. வாடிக்கையாளர் தன் ஐபியைச் சொல்லாமல் மாற்றிவிட்டால் அவர் பக்கம் பிழை விழும், நம் பக்கம் அமைதியாக இருக்கும். ஆர்டர் வரவில்லையே என்று மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் ஒரு நாள் முழுக்க ஓட்டமே இல்லையென்றால் எச்சரிக்கை வரும்படி ஒன்று போட்டு வையுங்கள்.

இரண்டாவது பூட்டு ஓஆத். மைக்ரோசாஃப்ட்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடி தரும் டோக்கனோடு (ஒரு அனுமதிச் சீட்டு) வந்தால் மட்டும் உள்ளே விடு என்று ஒரு கொள்கை எழுதலாம். டோக்கனை யார் கொடுத்தது, அது யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று சரிபார்க்கச் சொல்லலாம். நல்ல பூட்டு. ஆனால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: ஓஆத் கொள்கையைச் சேர்த்துவிட்டதாலேயே கையொப்பம் உள்ள பழைய முகவரி நின்றுவிடாது. அது அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். புதிய கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பழைய கதவைத் திறந்தே வைத்த கதைதான். கையொப்ப வழியைத் தனியாக முடக்க வேண்டும், இல்லையென்றால் டோக்கன் இல்லாத கோரிக்கை வந்தால் ஓடாதே என்று டிரிகருக்கு நிபந்தனை போட வேண்டும். எது செய்தாலும், செய்தபிறகு பழைய முகவரியை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் பழைய சிஸ்டத்துக்கு டோக்கன் வாங்கி அனுப்பத் தெரியவில்லை என்றால் ஓஆத் நடக்காது. அப்போது ஐபி கட்டுப்பாடும் சாவியை அவ்வப்போது மாற்றுவதும்தான் மிச்சம். ஒரு ஒர்க்ஃப்ளோவுக்கு (டிரிகரும் அதன் படிகளும் சேர்ந்தது) இரண்டு சாவிதான். ஒரே முகவரியை ஐந்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்தால், ஒருவரை மட்டும் வெளியேற்ற வழி இல்லை. இதை நினைவில் வையுங்கள். அடுத்த வழிக்கு நகர வேண்டுமா என்பதை இதுதான் முடிவு செய்யும்.

வெளியே போகும் பக்கம் வேறு விதமான குழப்பம். கன்சம்ப்ஷனில் ஓடும் ஆப்கள் வெளியே பேசும்போது அந்தப் பிராந்தியத்துக்கென்று உள்ள ஐபிகளிலிருந்து பேசுகின்றன. அந்த ஐபிகள் உங்களுக்கு மட்டும் உரியவை இல்லை. அதே பிராந்தியத்தில் ஓடும் எல்லோருடைய ஆப்களுக்கும் பொது. உங்கள் டேட்டாபேஸ் ஃபயர்வாலில் அவற்றை அனுமதித்தால், தெருவில் இருக்கும் எல்லோருக்கும் கேட்டைத் திறந்துவிட்டு, வீட்டுக் கதவு பூட்டித்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்வது போலாகும். வீட்டுக் கதவு உறுதியாக இருந்தால் பரவாயில்லை. அந்த உறுதியைத் தருவது மேனேஜ்டு ஐடென்டிட்டி. ஆப்புக்கென்று ஒரு அடையாளம். கடவுச்சொல் எங்கும் எழுதி வைக்க வேண்டாம். ஸ்டோரேஜ், கீ வால்ட் (ரகசியங்களை வைக்கும் பெட்டகம்), எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் எல்லாவற்றிலும் அந்த அடையாளத்துக்கு மட்டும் உரிமை கொடுக்கலாம். கடவுச்சொல்லோடு கூடிய கனெக்ஷன் ஸ்டிரிங்கை ஒர்க்ஃப்ளோவுக்குள் ஒட்டி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஸ்டோரேஜில் ஒரு பொறி இருக்கிறது. என் அரை நாளை அது தின்றது. ஸ்டோரேஜ் ஃபயர்வாலை மூடிவிட்டு, லாஜிக் ஆப்ஸின் ஐபிகளை மட்டும் அனுமதித்தேன். மறுப்பு வந்தது. ஐபிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஸ்டோரேஜும் ஆப்பும் ஒரே பிராந்தியத்தில் இருந்ததுதான் காரணம். ஒரே பிராந்தியத்துக்குள்ளிருந்து வரும் கோரிக்கைக்கு ஸ்டோரேஜ் ஃபயர்வாலின் ஐபி விதி செல்லாது, ஏனென்றால் அந்தப் போக்குவரத்து பொது ஐபி வழியாக வருவதே இல்லை. தீர்வு, மேனேஜ்டு ஐடென்டிட்டியோடு போய், ஸ்டோரேஜ் பக்கத்தில் இந்த ஆப்பை நம்பகமான ரிசோர்ஸாகப் பதிவு செய்வது. ஐபி பட்டியலே தேவைப்படாது.

அடுத்து இஆர்பி. அது கம்பெனிக்குள், ஒரு விண்டோஸ் சர்வரில், எஸ்க்யூஎல் சர்வரில் இருக்கிறது. அதை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். ஆன்-பிரமிசஸ் டேட்டா கேட்வே என்ற மென்பொருளை உள்ளே ஒரு கணினியில் நிறுவினால், அது உள்ளிருந்து வெளியே அஸூர் ரிலே என்ற இடைச் சேவைக்கு இணைப்பு வைத்துக்கொண்டு காத்திருக்கும். வெளியிலிருந்து உள்ளே எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். நம் ஊர்களில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பல இணைய இணைப்புகளில் நிலையான பொது ஐபி கிடைப்பதில்லை. பல வீட்டுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே பொது ஐபியை இணையச் சேவை நிறுவனம் பகிர்ந்து கொடுக்கிறது. அந்த நிலையில் கம்பெனி நெட்வொர்க்கை அஸூரோடு இணைக்கும் சைட்-டு-சைட் விபிஎன் போடுவது தலைவலி. கேட்வே வெளியே போகும் இணைப்பு மட்டுமே என்பதால் ஒரு சிரமமும் இல்லாமல் ஓடும்.

அதற்கும் சில கட்டாயங்கள் உண்டு. எப்போதும் ஓடும் கணினியில் போட வேண்டும். அக்கவுன்ட்ஸ் மேசையில் இருக்கும் லேப்டாப்பில் போட்டால் மூடி வைத்த மாலையிலிருந்து ஆர்டர் நிற்கும். டொமைன் கன்ட்ரோலர் (கம்பெனி லாகின்களைக் கையாளும் சர்வர்) மேல் போடக் கூடாது. மாதாமாதம் புதிய பதிப்பு வரும். கடைசி ஆறு பதிப்புக்குத்தான் ஆதரவு, அதனால் அரை வருடத்துக்கு மேல் தொடாமல் விட முடியாது. கரன்ட் போய் கேட்வே கணினி அணைந்தால், லாஜிக் ஆப் இயல்பாக நான்கு முறை மறுபடி முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். அந்த நான்கு முறையும் சில நிமிடங்களுக்குள் முடிந்துபோகும். அதனால் நாங்கள் ஆர்டரை முதலில் ஒரு சர்வீஸ் பஸ் வரிசையில் (செய்திகளைக் காத்திருக்க வைக்கும் அஸூர் சேவை) போட்டுவிட்டு, இன்னொரு ஒர்க்ஃப்ளோ அதை எடுத்து இஆர்பியில் எழுதும்படி பிரித்தோம்.

ரன் ஹிஸ்டரிக்கு இரண்டு வேலை. ஒவ்வொரு படியின் அமைப்பிலும் உள்ளீட்டை மறை, வெளியீட்டை மறை என்று இரண்டு சுவிட்ச் உண்டு. டிரிகரில் வெளியீட்டை மறைத்தால், அதை நேரடியாகப் பயன்படுத்தும் அடுத்த படிகளின் உள்ளீடும் தானாக மறையும். ஆனால் அந்தப் படிகளின் வெளியீடு மறையாது, அதைத் தனியாகப் போட வேண்டும். சம்பள ஆப்பில் இதை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து செய்தேன், பதினோரு படி. இரண்டாவது, ஹிஸ்டரி உள்ளடக்கத்தை எந்த ஐபியிலிருந்து பார்க்கலாம் என்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. டிரிகர் கட்டுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலர் கண்ணில் படுவதில்லை.

வழி இரண்டு: முன்னால் ஏபிஐ மேனேஜ்மென்ட் வைப்பது

ஏபிஐ மேனேஜ்மென்ட் என்பது வரும் அழைப்புகளை முதலில் வாங்கி, சரிபார்த்து, பின்னால் அனுப்பும் அஸூரின் நுழைவாயில் சேவை. வாடிக்கையாளர் ஒருவர் என்றால் இது அதிகப்படி. ஐந்தாறு பேர் என்றால் யோசிக்கலாம். பத்துப் பேருக்கு மேல், அவர்கள் ஐபி அடிக்கடி மாறும் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

வெளியில் யாருக்கும் லாஜிக் ஆப்பின் முகவரியே தெரியாது. கையொப்பம் ஏபிஐ மேனேஜ்மென்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாவி. ஒருவருடைய சாவி கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்றவர்கள் ஆர்டர் நிற்காது. நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்று எல்லை போடலாம், டோக்கனைச் சரிபார்க்கலாம். பின்னால் லாஜிக் ஆப்பில் ஐபி கட்டுப்பாட்டை ஏபிஐ மேனேஜ்மென்ட்டின் ஐபிக்கு மட்டும் குறுக்கிவிட்டால், சுற்றிவந்து பின்வாசல் வழியாக நுழையவும் முடியாது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். ஏபிஐ மேனேஜ்மென்ட்டிலும் கன்சம்ப்ஷன் என்று ஒரு மலிவான அடுக்கு இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், இது போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். அந்த அடுக்குக்கு நிலையான ஐபி கிடையாது. ஆக, பின்வாசலை ஐபி வைத்து அடைக்க முடியாது. நிலையான ஐபி வேண்டுமென்றால் அதற்கு மேலான அடுக்குக்குப் போக வேண்டும். டெவலப்பர் அடுக்கில் நிலையான ஐபி உண்டு, விலையும் குறைவு. ஆனால் அதற்கு எஸ்எல்ஏ (நிற்காமல் ஓடும் என்ற உத்தரவாதம்) கிடையாது, நிஜமான வேலையை அதன்மேல் ஓட்டக் கூடாது. பேசிக் அடுக்கின் மாத வாடகை, ஒரு சின்னக் கம்பெனியின் லாஜிக் ஆப்ஸ் பில்லைவிடப் பலமடங்கு. உரிமையாளரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வெளியே போகும் பக்கத்துக்கும் ரன் ஹிஸ்டரிக்கும் இந்த வழி ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு மேலே சொன்னதையெல்லாம் இங்கேயும் செய்தே ஆக வேண்டும்.

வழி மூன்று: ஸ்டாண்டர்டும் சொந்த நெட்வொர்க்கும்

முன்பு ஐஎஸ்இ என்று ஒன்று இருந்தது, லாஜிக் ஆப்ஸை முழுதாக உங்கள் நெட்வொர்க்குக்குள் வைப்பது. 2024 ஆகஸ்ட் 31 அன்று அதை மூடிவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் அதைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது ஸ்டாண்டர்ட்.

ஸ்டாண்டர்ட், அஸூர் ஃபங்ஷன்ஸ் (சின்ன நிரல்களை ஓட்டும் சேவை) ஓடும் அதே அடித்தளத்தில் உங்களுக்கென்று ஒதுக்கிய கணினியில் ஓடுகிறது. சின்ன அளவான டபிள்யூஎஸ்1-இல் ஒரு விசிபியு, 3.5 ஜிபி நினைவகம். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கணக்கில் மீட்டர் ஓடும். நிறைய ஒர்க்ஃப்ளோக்களை ஒரே ஆப்புக்குள் வைத்து ஓட்டுபவர்களுக்குக் கணக்கு சரியாக வரும். எங்களைப் போல மூன்று ஒர்க்ஃப்ளோ உள்ளவர்களுக்கு வராது.

நெட்வொர்க் பக்கம் இதன் பலம் நிஜமானது. பிரைவேட் எண்ட்பாயின்ட் போட்டு, பொது அணுகலை மூடிவிட்டால், இணையத்திலிருந்து டிரிகரைத் தொடவே முடியாது; உங்கள் நெட்வொர்க்குக்குள் ஒரு தனி ஐபி வழியாக மட்டும்தான். விநெட் (அஸூருக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்) இன்டக்ரேஷன் போட்டால் வெளியே போகும் போக்குவரத்து அதன் ஒரு பகுதியான உங்கள் ஸப்நெட் வழியாகப் போகும். அங்கே ஒரு நாட் கேட்வே வைத்தால் உங்களுக்கே உங்களுக்கான ஒரு நிலையான வெளி ஐபி கிடைக்கும். வங்கி, "உங்கள் ஒரே ஒரு ஐபியைக் கொடுங்கள், அதை மட்டும் அனுமதிப்போம்" என்று கேட்டால், கன்சம்ப்ஷனில் அதற்கு நேர்மையான பதில் இல்லை. இங்கே இருக்கிறது.

இப்போது யாரும் முதலிலேயே சொல்லாத விஷயம். ஸ்டாண்டர்டில் கனெக்டர்கள் (வேறு சேவைகளோடு பேசும் இணைப்புகள்) இரண்டு வகை. உள்ளமைந்தவை உங்கள் ஆப்போடு சேர்ந்து உங்கள் நெட்வொர்க் வழியாகப் போகும். மேனேஜ்டு கனெக்டர்கள் அப்படி இல்லை. அவை மைக்ரோசாஃப்ட்டின் பொது மேடையில், உங்கள் விநெட்டுக்கு வெளியே ஓடுகின்றன. டிசைனரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். எஸ்க்யூஎல் படியைத் தேர்ந்தெடுக்கும்போது கை தவறி மேனேஜ்டு வகையை எடுத்துவிட்டால், நீங்கள் கட்டிய தனி நெட்வொர்க்கைத் தாண்டி அது பொது ஐபியிலிருந்து உங்கள் டேட்டாபேஸைத் தட்டும். டேட்டாபேஸ் மூடியிருந்தால் பிழை வரும், நல்லது. மூடாமல் இருந்தால் ஒன்றுமே தெரியாமல் வேலை செய்யும். எல்லாம் பிரைவேட் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டாண்டர்டுக்குப் போகும் முன் உங்கள் ஒர்க்ஃப்ளோவில் இருக்கும் கனெக்டர்களைத் தாளில் எழுதி, எத்தனைக்கு உள்ளமைந்த மாற்று இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் மேனேஜ்டு என்றால், தனி நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் காசில் பாதிக்குப் பலன் இல்லை.

இன்னொன்று: வெளியிலிருந்து நிகழ்வு வந்தவுடன் எழுப்பும் மேனேஜ்டு கனெக்டர் டிரிகர்கள் பொது மேடையிலிருந்துதான் உங்கள் ஆப்பைக் கூப்பிட வேண்டும். பொது அணுகலை மூடிவிட்டால் அவற்றால் உள்ளே வர முடியாது. அந்த டிரிகர் அமைதியாக நின்றுபோகும்.

கட்டும்போது என்னை மிகவும் தடுமாற வைத்தது ஸ்டோரேஜ். வேறொரு நிறுவனத்துக்கு ஸ்டாண்டர்ட் போட்டபோது நடந்தது. ஸ்டாண்டர்ட் ஆப் தன் நிலையையும் கோப்புகளையும் ஒரு ஸ்டோரேஜ் கணக்கில் வைக்கிறது. அந்தக் கணக்கையும் தனிப்பட்டதாக்க வேண்டும் என்றால் ப்ளாப், க்யூ, டேபிள், ஃபைல் என்ற அதன் நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனி பிரைவேட் எண்ட்பாயின்ட் வேண்டும். நான் மூன்று போட்டுவிட்டு ஃபைலை விட்டுவிட்டேன், பிறகு பொது அணுகலை மூடினேன். ஆப் எழவே இல்லை. போர்ட்டலில், ரன்டைமைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற ஒரே செய்தி. ஃபைலுக்கும் எண்ட்பாயின்ட் போட்டு, கோப்புகளை விநெட் வழியாகப் படிக்கச் சொல்லும் அமைப்பையும் சேர்த்த பிறகுதான் எழுந்தது. வரிசை முக்கியம்: நான்கு எண்ட்பாயின்ட், நான்கு டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) ஸோன், விநெட் இன்டக்ரேஷன், ஆப் ஓடுகிறதா என்று சோதனை, எல்லாம் சரியென்றால் மட்டும் பொது அணுகலை மூடுங்கள்.

டிஎன்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் போட்டாயிற்று, ஆனாலும் இணைப்பு இல்லை என்றால் பத்தில் எட்டு முறை இதுதான். நெட்வொர்க்குக்குள் ஒரு கணினியில் உட்கார்ந்து ஸ்டோரேஜின் பெயரை என்எஸ்லுக்அப் செய்யுங்கள். உங்கள் விநெட்டின் தனி ஐபி (பெரும்பாலும் 10 என்று தொடங்கும்) வர வேண்டும். பொது ஐபி வந்தால் எண்ட்பாயின்ட்டில் கோளாறு இல்லை, பெயர் தவறான இடத்தைக் காட்டுகிறது. கம்பெனிக்குச் சொந்த டிஎன்எஸ் சர்வர் இருந்தால், அதுவோ அதற்குப் பின்னால் இருக்கும் ஃபார்வர்டரோ விநெட்டுக்குள்ளிருந்து அஸூரின் சொந்த டிஎன்எஸ் முகவரியான 168.63.129.16-க்குக் கேள்வியை அனுப்ப வேண்டும்.

ஸப்நெட் அளவைத் தாராளமாக எடுங்கள். விநெட் இன்டக்ரேஷனுக்குக் குறைந்தபட்சம் /28, அதாவது 16 முகவரி, போதும் என்பார்கள். அதில் அஸூர் தனக்கு 5 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 11. ஆப் பெரிதாகும்போதும் புதிய பதிப்புக்கு மாறும்போதும் ஒவ்வொரு நகலும் ஒரு முகவரியைப் பிடிக்கும். ஸப்நெட்டைப் பயன்பாட்டில் இருக்கும்போது பெரிதாக்குவது எளிதில்லை, அதனால் தொடக்கத்திலேயே /26 (64 முகவரி) எடுத்துவிடுங்கள். பிரைவேட் எண்ட்பாயின்ட்டுகளுக்கு வேறு ஸப்நெட்.

அப்புறம், தினசரி வாழ்க்கை எப்படி மாறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொது அணுகலை மூடினால் ரன் ஹிஸ்டரி வீட்டிலிருந்து திறக்காது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் இரவு 11 மணிக்கு ஆர்டர் நின்றுவிட்டது என்று போன் வந்தால், முதலில் விபிஎன்னில் ஏறிய பிறகுதான் என்ன ஆயிற்று என்றே பார்க்க முடியும். புதிய பதிப்பைத் தானாக ஏற்றும் பொதுவான பைப்லைன் ஏஜென்ட்டுகளால் உங்கள் ஆப்பை டிப்ளாய் செய்ய முடியாது. நெட்வொர்க்குக்குள் சொந்த ஏஜென்ட் ஒன்று வைத்துப் பராமரிக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா? இல்லாத இடத்தில், ஏதாவது அவசரத்தில் யாரோ ஒருவர் "கொஞ்ச நேரத்துக்கு" என்று பொது அணுகலைத் திறப்பார். அது திறந்தே கிடக்கும். அப்படித் திறந்து கிடந்த இரண்டு ஆப்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்டாண்டர்டை எடுத்து, வெளியே போக விநெட் இன்டக்ரேஷன் மட்டும் போடுங்கள். உள்ளே வர பிரைவேட் எண்ட்பாயின்ட் வேண்டாம், ஐபி விதியும் ஓஆத்தும் போதும். ஆர்டர் அனுப்பும் வாடிக்கையாளர் எப்படியும் இணையம் வழியாகத்தான் வருகிறார். அவருக்காக எண்ட்பாயின்ட்டை மூடிவிட்டு, பிறகு அவரை உள்ளே விட முன்னால் வேறொரு நுழைவாயில் கட்டுவது இரட்டை வேலை. டேட்டாபேஸும் ஸ்டோரேஜும் மூடியிருக்க வேண்டும், அழைப்பவர் வெளியில் இருக்கிறார் என்றால் என் கை இதற்குத்தான் போகும்.

எங்கள் முடிவு

திருப்பூர் கம்பெனிக்குக் கன்சம்ப்ஷனையே வைத்துக்கொண்டோம். ஒரே வாடிக்கையாளர், அவருக்கு நிலையான இரண்டு ஐபி, தினம் முப்பதுக்குள் ஆர்டர், இஆர்பி கம்பெனிக்குள், நெட்வொர்க் பார்க்கத் தனி ஆள் இல்லை. இந்த நிலையில் ஸ்டாண்டர்ட் போட்டுக் கொடுத்தால் நான் போனபிறகு அதை யாராலும் தொட முடியாது. ஐபி கட்டுப்பாடு, ஸ்டோரேஜுக்கு மேனேஜ்டு ஐடென்டிட்டி, இஆர்பிக்கு கேட்வே, எல்லாப் படிகளிலும் மறைப்பு. வாடிக்கையாளரின் சிஸ்டத்துக்கு டோக்கன் வாங்கத் தெரியாததால் ஓஆத் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாவி மாற்றம், இரண்டாவது சாவியில் புதிய முகவரி கொடுத்து அவர் மாறியபிறகு முதலாவதை அழிப்பது என்று வைத்திருக்கிறோம்.

மருத்துவமனை, வங்கி, ஆயிரக்கணக்கானவர்களின் தனிப்பட்ட விவரம் ஓடும் இடம் என்றால் நான் ஸ்டாண்டர்டையே சொல்வேன், இரண்டு பக்கமும் மூடி, உள்ளமைந்த கனெக்டர்கள் மட்டும் வைத்து. அங்கே செலவைப் பற்றிப் பேச்சு வேண்டாம். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து வாடிக்கையாளர் இருக்கும் ஏற்றுமதியாளர் என்றால் முன்னால் ஏபிஐ மேனேஜ்மென்ட், பின்னால் கன்சம்ப்ஷன்.

ஒப்படைக்கும் முன் மூன்று சோதனை செய்தோம். என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து ஆர்டர் முகவரியை அழைத்தேன். என் ஐபி அனுமதியில் இல்லை என்று மறுத்தது. குரூப்பில் போட்ட பழைய முகவரியை அழைத்தேன்; கையொப்பம் செல்லாது என்றது. சம்பள ஆப்பின் நேற்றைய ஓட்டத்தை மெர்ச்சண்டைசரின் கணினியில் திறந்தோம். ஒவ்வொரு படியிலும் உள்ளடக்கம் மறைக்கப்பட்டது என்ற வரி மட்டுமே தெரிந்தது. "இப்ப ஒன்னுமே தெரியலையே தம்பி" என்றார். தெரியக் கூடாது அண்ணே என்றேன்.

கேட்வே நிறுவும்போது ஒரு ரிகவரி கீ கேட்கும். அந்தக் கணினி கெட்டுப்போனால் வேறொன்றில் அதே கேட்வேயை எழுப்ப அது இல்லாமல் முடியாது. அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அக்கவுன்ட்ஸ் பீரோவில் செக் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உறையின் மேல் என்ன எழுதுவது என்று உரிமையாளர் கேட்டார். "ஆர்டர் சாவி" என்று எழுதச் சொன்னேன்.